கொரோனா உறுதியான அப்பாவுக்கு உடம்பெங்கும் தடிப்பு: நோயா, மாத்திரையா, அம்மையா?

கேள்வி
எழுதியவர்: உசிலம்பட்டிக்காரன்

வணக்கம். உசிலம்பட்டிக்கு மேற்கே சொந்த ஊரில் இருக்கும் என் அப்பாவைப் பற்றியது இந்தக் கேள்வி. அவருக்கு வயது 61. தோட்ட வேலை பார்ப்பவர். சர்க்கரை நோய்க்கும் இரத்த அழுத்தத்திற்கும் பல ஆண்டுகளாக மாத்திரை சாப்பிட்டு வருகிறார். போன வாரம் தொண்டை வலி, இருமல், காய்ச்சல் என்று தொடங்கியது. அரசு மருத்துவமனையில் பரிசோதித்ததில் கொரோனா என்று உறுதியானது. மூச்சுத் திணறல் இல்லை, ஆக்சிஜன் அளவும் 97 இருக்கிறது என்பதால் பாரசிட்டமால் கொடுத்து, வீட்டிலேயே தனியாக இருக்கச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். இருமலும் உடம்பு வலியும் குறையவில்லை என்று அம்மா அன்று மாலையே பக்கத்து மெடிக்கலில் சொல்லி வேறு சில மாத்திரைகளையும் வாங்கிக் கொடுத்திருக்கிறார். அவற்றில் ஒன்று அமாக்சிசிலின் கலந்தது, மற்றொன்று டைக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரை என்பதை அட்டையைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். இவை போக, தாளில் மடித்துக் கொடுத்த சிறிய மாத்திரைகள் இரண்டு வகை இருந்திருக்கின்றன. அவை என்னவென்று யாருக்கும் தெரியவில்லை.

காய்ச்சல் தொடங்கிய ஆறாம் நாள் காலையில் நெஞ்சிலும் முதுகிலும் பொடிப்பொடியாகத் தடிப்புகள் தோன்றி, இன்று தோள்பட்டைக்கும் தொடைக்கும் பரவியிருக்கின்றன. அப்பா நல்ல கறுப்பு நிறம். ஆகவே சிவப்பாக எதுவும் தெரியவில்லை, தோல் நிறத்தைவிடச் சற்று அடர்ந்த புள்ளிகளாகத்தான் தெரிகின்றன. லேசான அரிப்பு இருக்கிறது. நீர் கோத்த கொப்புளம் இல்லை. காய்ச்சல் குறைந்துவிட்டது.

இதைப் பார்த்ததும் வீட்டில் பெரியவர்கள் "அம்மை இறங்கியிருக்கிறது" என்று சொல்லி வாசலில் வேப்பிலை செருகிவிட்டார்கள். சர்க்கரை மாத்திரை உட்பட எல்லா மாத்திரைகளையும் நிறுத்தியாயிற்று. மருத்துவரிடமும் போகக் கூடாது என்கிறார்கள். நான் மதுரையில் வேலை பார்க்கிறேன், நாளை காலை ஊருக்குப் போகிறேன். கொரோனாவே இப்படித் தோலில் காட்டுமா, அல்லது மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லையா, உண்மையிலேயே அம்மைதானா என்பதை எப்படிப் பிரித்தறிவது? இணையத்தில் தேடினால் கால்விரல்கள் ஊதா நிறமாக மாறிய படங்களே வருகின்றன. அப்பாவின் விரல்கள் நன்றாகத்தான் இருக்கின்றன. அதே வீட்டில் என் தங்கை ஐந்து மாதக் கர்ப்பிணியாக இருப்பதால் கவலை இரட்டிப்பாக இருக்கிறது.

பதில் 1
எழுதியவர்: தோல் மருத்துவர், மதுரை

உங்கள் கேள்விக்கு வருவதற்கு முன், நிறுத்தக் கூடாத மாத்திரையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அப்பா வழக்கம்போல் சாப்பிடுகிறார், வாந்தி இல்லை என்றால், சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளை இன்றிரவே மீண்டும் தொடங்கச் சொல்லி வீட்டுக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள். எந்தத் தொற்று வந்தாலும் சர்க்கரை ஏறும். அந்த நேரத்தில் மாத்திரையையும் நிறுத்திவிட்டால், தடிப்பு தராத ஆபத்தைச் சர்க்கரை தந்துவிடும். பல ஆண்டுகளாகச் சாப்பிட்டுவரும் மாத்திரை திடீரென்று ஒரு நாள் இத்தகைய தடிப்பைக் கொண்டுவருவது அரிது. மாறாக, மெடிக்கலில் வாங்கிய நான்கையும், மருத்துவர் ஒருவர் பார்க்கும் வரை, தொடவே வேண்டாம். கொரோனா ஒரு வைரஸ் நோய். பாக்டீரியாவுக்கான மருந்தாகிய அமாக்சிசிலின் அதை ஒன்றும் செய்யாது.

கொரோனா தோலிலும் தெரியும் என்பது உண்மைதான். 2020 தொடக்கத்தில் இத்தாலியின் லெக்கோ நகர மருத்துவமனையில் இருந்த தோல் மருத்துவர்கள் 88 நோயாளிகளைப் பார்த்து, 18 பேருக்குத் தோல் அறிகுறிகள் இருந்ததாக எழுதினார்கள். பதினான்கு பேருக்குச் சிவந்த தடிப்பு, மூவருக்கு நாம் காணாக்கடி என்று சொல்லும் வீங்கிய தடிப்பு, ஒருவருக்குச் சின்னம்மை போன்ற கொப்புளம். பெரும்பாலும் மார்பிலும் முதுகிலும்தான் வந்தன, அரிப்பு குறைவாகவே இருந்தது. இவ்வளவும் உங்கள் அப்பாவுக்குப் பொருந்துவது போலத் தெரியும். ஆனால் அந்த மருத்துவர்கள் முதலில் 148 பேரின் விவரங்களைச் சேகரித்து, கடந்த 15 நாட்களில் புதிதாக ஏதேனும் மருந்து சாப்பிட்டிருந்த 60 பேரைக் கணக்கிலிருந்தே நீக்கிவிட்டார்கள் என்பதைக் கவனியுங்கள். மருந்து உள்ளே போயிருந்தால் தடிப்பு எதனால் வந்தது என்று சொல்ல முடியாது என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். உங்கள் அப்பா அங்கே நோயாளியாக இருந்திருந்தால், நீக்கப்பட்ட அறுபது பேரில் ஒருவராகத்தான் இருந்திருப்பார்.

அதே ஆண்டில் ஸ்பெயின் மருத்துவர்கள் தோல் அறிகுறி இருந்த 375 பேரைத் தொகுத்து ஐந்து வகைகளாகப் பிரித்தார்கள். பாதிக்குச் சற்றுக் குறைவானவர்களுக்கு, அதாவது 47 சதவீதத்தினருக்கு, உங்கள் அப்பாவுக்கு இருப்பது போன்ற பொடித் தடிப்பு. 19 சதவீதத்தினருக்குக் காணாக்கடி. 9 சதவீதத்தினருக்குக் கொப்புளங்கள். நீங்கள் படங்களில் பார்த்த விரல் நிறமாற்றம் 19 சதவீதம். அது பெரும்பாலும் இளவயதினருக்கு, நோய் லேசாக வந்துபோன பிறகு தோன்றியது. எஞ்சிய 6 சதவீதத்தினருக்குத் தோலில் வலை போன்ற நீலக் கோடுகளோ கறுத்து அழுகும் திட்டுகளோ ஏற்பட்டன. இவர்கள் வயதானவர்கள், நோய் கடுமையாக இருந்தவர்கள். விரல் நிறமாற்றம் குளிர்நாடுகளில் வேறு காரணங்களாலும் வருவது. ஐரோப்பாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் வந்த அளவுக்கு ஆசியாவிலிருந்து அத்தகைய செய்திகள் வரவில்லை. அதற்கும் கொரோனாவுக்கும் உள்ள தொடர்பைப் பற்றியே இன்னும் விவாதம் நடக்கிறது, ஏனென்றால் அப்படி வந்தவர்களில் பலருக்குப் பரிசோதனையில் கொரோனா தெரியவில்லை. மார்கழியிலும் மின்விசிறி ஓடும் நம் ஊரில் அதைத் தேடிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

படங்களை நம்பி ஒப்பிட வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கொரோனாவின் தோல் அறிகுறிகளைப் பற்றி வெளிவந்த 36 கட்டுரைகளில் இருந்த 130 படங்களை 2020இல் ஆராய்ந்தபோது, அவற்றில் 92 சதவீதம் வெளிர்நிறத் தோலின் படங்களாக இருந்தன. மிகக் கறுத்த தோலின் படம் ஒன்றுகூட இல்லை. "சிவந்த தடிப்பு" என்று புத்தகம் சொல்வது அப்பாவின் மேல் கருஞ்சிவப்பாகவோ பழுப்பாகவோ ஊதா கலந்தோதான் தெரியும். ஆகவே நாளை பார்க்கும்போது சன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி உட்காரவைத்து, விரல்களின் பின்புறத்தால் தடவிப் பாருங்கள். சொரசொரப்பும் வெதுவெதுப்பும் நிறத்தைவிட நன்றாகத் தெரியும். பிறகு ஒரு கண்ணாடித் தம்ளரின் பக்கத்தைத் தடிப்பின் மேல் அழுத்திப் பாருங்கள். அழுத்தும்போது புள்ளி மங்கினால் தோலுக்குள் இரத்தக் கசிவு இல்லை என்று பொதுவாகக் கொள்ளலாம். மங்காமல் அப்படியே நின்றால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கறுப்புத் தோலில் இது எளிதில் பிடிபடாது என்பதால், உள்ளங்கை, உள்ளங்கால், கண்ணிமையின் உட்புறம், வாயின் அண்ணம் ஆகியவற்றையும் பாருங்கள்.

இப்போது மருந்தின் கணக்கு. அமாக்சிசிலின் போன்றவற்றால் வரும் பொடித் தடிப்பு பெரும்பாலும் மருந்து தொடங்கி நான்கு முதல் பதினான்கு நாட்களுக்குள் வரும். முன்பு ஒருமுறை ஒத்துக்கொள்ளாமல் போயிருந்தால் ஒன்றிரண்டு நாட்களிலேயே வந்துவிடும். காணாக்கடி என்றால் சில மணி நேரத்திலேயே வந்து, ஓரிடத்தில் மறைந்து வேறிடத்தில் எழும். ஆகவே மாத்திரை தொடங்கிய நாள் எது, காய்ச்சல் தொடங்கிய நாள் எது, தடிப்பு முதலில் தெரிந்த நாள் எது என்ற மூன்றையும் அம்மாவிடம் கேட்டுத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள். தோலைப் பார்த்து மருத்துவர் தெரிந்துகொள்வதைவிட அந்தத் தாளிலிருந்து தெரிந்துகொள்வதே அதிகமாக இருக்கும்.

பரிசோதனையில் கொரோனா என்று வந்துவிட்டதால் டெங்கு இல்லை என்று ஆகிவிடாது. மழை பெய்து கொசு பெருகிய இந்தப் பருவத்தில் இரண்டும் சேர்ந்தும் வரலாம். 2020இல் தாய்லாந்தில் தடிப்பைப் பார்த்து டெங்கு என்று முதலில் எண்ணிய ஒருவருக்குக் கொரோனா இருந்தது. சிங்கப்பூரில் விரைவுப் பரிசோதனை டெங்கு என்று தவறாகக் காட்டிய இருவருக்கும் அப்படியே. குழப்பம் எந்தப் பக்கத்திலிருந்தும் வரும். டெங்குவில் காய்ச்சல் இறங்கும் நேரத்தில்தான் ஆபத்து தொடங்கும் என்பதால், "காய்ச்சல் குறைந்துவிட்டது" என்ற உங்கள் வரி எனக்கு முழு நிம்மதியைத் தரவில்லை. இரத்தத் தட்டணு (பிளேட்லெட்) எண்ணிக்கையும் டெங்கு பரிசோதனையும் நாளையே செய்ய வேண்டும். டைக்ளோஃபெனாக்கை நிறுத்தச் சொன்னதற்கும் இதுவே முதற்காரணம்; டெங்குவாக இருந்தால் அது இரத்தக் கசிவைக் கூட்டும். காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் போதும்.

வாயிலோ கண்ணிலோ பிறப்புறுப்பிலோ புண், தோலில் அரிப்புக்குப் பதிலாக வலி அல்லது எரிச்சல், தோல் உரிதல், முகம் வீங்குதல், விடாத வயிற்று வலி, தொடர்ந்த வாந்தி, ஈறிலிருந்து இரத்தம், மூச்சு வாங்குதல் ஆகியவற்றில் எது தெரிந்தாலும் நாளை வரை காத்திருக்க வேண்டாம். இரவானாலும் 108ஐ அழையுங்கள்.

பதில் 2
எழுதியவர்: மருந்தாளுநர், செல்லூர்

மருத்துவர் விரிவாக எழுதிவிட்டதால் அந்தத் தாள் மடிப்பைப் பற்றி மட்டும் சொல்கிறேன். நம் பகுதியில் "ஒரு செட் மாத்திரை கொடுங்கள்" என்று கேட்பதும், கடைக்காரர் அட்டையிலிருந்து பிரித்துத் தாளில் மடித்துக் கொடுப்பதும் பழகிப்போன ஒன்றாகிவிட்டது. அதில் உள்ள சிறிய மாத்திரை பல நேரங்களில் டெக்ஸாமெத்தசோன் அல்லது பெட்டாமெத்தசோன் வகை ஸ்டீராய்டாக இருக்கிறது. உடம்பு வலி உடனே குறைந்து, பசி எடுத்து, நோய் தீர்ந்தது போல இருக்கும். சர்க்கரை நோயாளிக்கு அதே வேகத்தில் சர்க்கரையும் ஏறும். 2021இல் கொரோனா இரண்டாம் அலையின்போது கறுப்புப் பூஞ்சை நோய் வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் கட்டுப்பாடற்ற சர்க்கரை உள்ளவர்கள். பலர் ஸ்டீராய்டு எடுத்தவர்கள். ஆகவே உங்கள் அப்பாவுக்கு ஒருபக்க முகவலி, மூக்கடைப்போடு கறுத்த சளி, கண் வீக்கம், பார்வை இரட்டையாகத் தெரிதல், மூக்கின் மேலோ அண்ணத்திலோ கறுத்த திட்டு இவை ஏதேனும் அடுத்த சில வாரங்களில் தெரிந்தால், அதைத் தடிப்போடு சேர்த்து அலட்சியமாக விட்டுவிடாதீர்கள்.

எஞ்சியிருக்கும் மாத்திரைகளைத் தூக்கி எறியாமல் அப்படியே மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லுங்கள். மருந்துக் கடையில் மாத்திரையின் நிறம், வடிவம், மேலே பொறித்த எழுத்து இவற்றைக் கொண்டு ஓரளவு அடையாளம் காண முடியும். அமாக்சிசிலினும் டைக்ளோஃபெனாக்கும் சட்டப்படி மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாதவை. நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்து அட்டைகளில் இருக்கும் செங்குத்தான சிவப்புக் கோடு அதைத்தான் சொல்கிறது. அம்மாவைக் குறை சொல்ல மாட்டேன். கேட்டால் கொடுக்கிற கடை இருக்கும்வரை யாரும் வாங்கத்தான் செய்வார்கள்.

உடம்பில் வட்டமாக, காசு அளவில், கருநீலத் திட்டு ஒன்றிரண்டு மட்டும் வந்து, முன்பும் வலி மாத்திரை சாப்பிட்டபோது அதே இடத்தில் வந்திருந்தால், அதுவும் மருந்தின் வேலைதான் என்பதையும் கேட்டு வையுங்கள். வலி மாத்திரைகளால் இப்படி வருவதை நாங்கள் அடிக்கடி பார்க்கிறோம்.

பதில் 3
எழுதியவர்: கிராமச் செவிலியர், சேடபட்டி வட்டாரம்

தம்பி, அப்பா தோட்ட வேலை பார்ப்பவர் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆகவே உண்ணிக் காய்ச்சலையும் மனத்தில் வையுங்கள். புதரிலும் வரப்புப் புல்லிலும் இருக்கும், கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணியின் குஞ்சு கடிப்பதால் வருவது அது. மழைக்காலம் முடிந்து பனி தொடங்கும் மாதங்களில் அதிகம். காய்ச்சல், தலைவலி, வறட்டு இருமல், தடிப்பு எல்லாமே அதிலும் உண்டு, நுரையீரலையும் தாக்கும். கடித்த இடத்தில் பீடியால் சுட்டது போல ஒரு கறுத்த பொருக்கு இருக்கும். வலிக்காது, அரிக்காது, அதனால் நோயாளிக்கே தெரியாது. அக்குள், இடுப்பில் அரைஞாண் கயிறு படும் இடம், தொடை இடுக்கு, ஆண்களுக்கு விதைப்பை, பெண்களுக்கு மார்புக்குக் கீழ் மடிப்பு என மறைவான இடங்களில்தான் இருக்கும். வெட்கப்பட்டுக் காட்ட மாட்டார்கள். நீங்கள் மகன், கதவைச் சாத்திவிட்டு உச்சி முதல் பாதம் வரை நீங்களே பாருங்கள். பொருக்கு இல்லாமலும் இந்த நோய் வரலாம் என்பதால், எதுவும் தெரியவில்லை என்றாலும் "தோட்ட வேலை பார்க்கிறார்" என்று மருத்துவரிடம் சொல்ல மறக்காதீர்கள். டாக்சிசைக்ளின் கொடுத்தால் பெரும்பாலும் ஓரிரு நாட்களிலேயே காய்ச்சல் இறங்கிவிடும். அமாக்சிசிலினால் இதற்கும் பயனில்லை.

வீட்டுப் பெரியவர்களைப் பற்றி எழுதியிருந்தீர்கள். வேப்பிலையை எடுக்கச் சொல்லிச் சண்டை போட வேண்டாம். நோயாளியைத் தனி அறையில் வைப்பது, வெளியாட்கள் வராமல் பார்ப்பது, வெள்ளைத் துணி விரித்து அடிக்கடி மாற்றுவது, காரமில்லாத கஞ்சி கொடுப்பது என்று அம்மைக்கு நாம் செய்துவருவதில் பெரும்பகுதி கொரோனாவுக்கும் நல்லதுதான். மருந்து கொடுக்கக் கூடாது என்ற வழக்கம் பெரியம்மைக் காலத்தில் வேரூன்றியது. அன்று அதற்கு மருந்தே இல்லை. அந்தப் பெரியம்மை இந்தியாவில் கடைசியாகக் கண்டது 1975இல். இன்று நம் ஊரில் அம்மை என்று சொல்லப்படுவது சின்னம்மையாகவோ தட்டம்மையாகவோ இருக்கும். இரண்டிலும் மருத்துவர் செய்ய வேண்டியது உண்டு. "அம்மனுக்குக் கூழும் ஊற்றுவோம், ஆஸ்பத்திரிக்கும் போய்விட்டு வந்துவிடுவோம்" என்று சொல்லிப் பாருங்கள். எங்கள் வட்டாரத்தில் இந்தப் பேச்சுக்கு மறுப்புச் சொன்ன பாட்டிகள் குறைவு.

சின்னம்மை என்றால் தலைமுடிக்குள்ளும் வாய்க்குள்ளும்கூட முத்துப் போட்டிருக்கும். ஒரே நேரத்தில் சில புள்ளியாகவும் சில நீர் கோத்தும் சில காய்ந்தும் இருக்கும். தட்டம்மை காதுக்குப் பின்னாலும் முகத்திலும் தொடங்கிக் கீழே இறங்கும், அப்போது காய்ச்சல் உச்சத்தில் இருக்கும், கண் சிவந்து நீர் வடியும். நீங்கள் எழுதியது இரண்டுக்கும் பொருந்தவில்லை என்றுதான் எனக்குப் படுகிறது.

தங்கையை முடிந்தால் இன்றே வேறு வீட்டில் தங்கவையுங்கள், இல்லையென்றால் முகக்கவசத்துடன் வேறு அறையில் இருக்கட்டும். அவருக்குச் சிறுவயதில் சின்னம்மை வந்ததா என்று கேட்டுக் குறித்துவைத்து, அடுத்த பரிசோதனை வரை காத்திராமல், அப்பாவுக்குத் தடிப்பும் கொரோனாவும் இருப்பதை ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொல்லுங்கள். இருமலோ காய்ச்சலோ வந்தால் அவரும் கடை மாத்திரை எதையும் வாங்க வேண்டாம்.

உசிலம்பட்டிக்காரன் எழுதிய பதில்

மூவருக்கும் நன்றி. செவிலியரக்கா சொன்னபடியே பாட்டியிடம் பேசினேன். வேப்பிலை வாசலில் இருக்க, அப்பாவை அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். பொருக்கு எங்கும் இல்லை. தம்ளரை அழுத்தியபோது புள்ளிகள் மங்கின. தட்டணுக்கள் சரியாக இருக்கின்றன, டெங்கு இல்லை, உண்ணிக் காய்ச்சலுக்கான பரிசோதனையிலும் எதுவும் தெரியவில்லை. சர்க்கரைதான் 300ஐத் தாண்டியிருந்தது; அதற்கு இரண்டு நாள் அங்கேயே வைத்திருந்து இன்சுலின் கொடுத்துக் குறைத்தார்கள். தடிப்புக்குக் காரணம் மாத்திரையாக இருக்கலாம், கொரோனாவாகவும் இருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது என்றார்கள். அரிப்புக்கு மாத்திரையும் தடவக் கேலமைனும் கொடுத்தார்கள். இப்போது தடிப்பு அடங்கி, மெல்லிய செதிலாக உரிகிறது. அந்த இடங்கள் கறுத்திருக்கின்றன.

இரண்டு சந்தேகங்கள். தோலைச் சிறிது எடுத்துப் பரிசோதித்தால் காரணம் தெரிந்துவிடாதா? இனி அப்பா அமாக்சிசிலினே சாப்பிடக் கூடாதா?

பதில் 4
எழுதியவர்: தோல் மருத்துவர், மதுரை

தோல் துணுக்குப் பரிசோதனை இந்த வகைத் தடிப்பில் அதிகம் உதவாது. வைரஸால் வந்ததும் மருந்தால் வந்ததும் நுண்ணோக்கியில் ஏறக்குறைய ஒன்றாகவே தெரியும். இரண்டிலும் உடலின் எதிர்ப்பாற்றல்தான் தோலில் வந்து சண்டை போடுகிறது. வைரஸும் மருந்தும் சேர்ந்தே இதைச் செய்வதும் உண்டு. சுரப்பிக் காய்ச்சல் எனப்படும் வேறொரு வைரஸ் நோயில் அமாக்சிசிலின் கொடுத்தால் உடம்பெங்கும் தடிப்பு வருவதும், அதே ஆள் நோய் தீர்ந்த பின் அதே மருந்தைத் தொல்லையின்றிச் சாப்பிடுவதும் மருத்துவர்கள் நெடுங்காலமாகக் கண்டுவருவது. அதனால்தான் பெனிசிலின் (அமாக்சிசிலினும் அந்த வகைதான்) ஒவ்வாமை என்று சீட்டில் எழுதப்பட்டவர்களில் பெரும்பாலோருக்கு, பின்னர் முறையாகச் சோதிக்கும்போது ஒவ்வாமை இல்லை என்று தெரியவருகிறது.

அதற்காக வீட்டில் ஒரு மாத்திரை கொடுத்துப் பார்க்கும் வேலை வேண்டாம். அப்பாவின் சர்க்கரை நோய்க் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில், "மருந்து ஒவ்வாமை" என்று பொத்தாம்பொதுவாக எழுதாமல், மருந்தின் பெயர், சாப்பிட்ட தேதிகள், தடிப்பு வந்த நாள், அப்போது கொரோனா இருந்தது, வாயில் புண்ணோ மூச்சுத் திணறலோ இல்லை என்பனவற்றை எழுதி வையுங்கள். டைக்ளோஃபெனாக்கையும், பெயர் தெரியாத இரண்டு மாத்திரைகளையும் சேர்த்துத்தான். இனி எந்த மருத்துவர் பார்த்தாலும் அந்தப் பக்கத்தை முதலில் காட்ட வேண்டும். பிற்காலத்தில் அவருக்குப் பெனிசிலின் வகை மருந்து கட்டாயம் தேவைப்பட்டால், மருத்துவமனையில் கண்காணிப்போடு சோதித்து முடிவு செய்துகொள்ளலாம்.

கறுத்த தழும்புகள் நம் நிறத்தவர்களுக்கு மாதக்கணக்கில் நின்று மெதுவாகத்தான் மங்கும். தேங்காய் எண்ணெய் தடவலாம். கடையில் கிடைக்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்புகளைத் தடவினால் தோல் மெலிந்து, படை பிடித்து, வேறு தொல்லை தொடங்கும். இரண்டு மூன்று மாதம் கழித்துத் தலைமுடி கொத்தாகக் கொட்டினாலும் பயப்பட வேண்டாம்; கடுங்காய்ச்சலுக்குப் பிறகு வழக்கமாக நடப்பதுதான் அது, முடி தானாகவே திரும்ப வளரும். அப்போதும் பாட்டி அம்மையின் மிச்சம் என்று சொல்லக்கூடும். சொல்லிவிட்டுப் போகட்டும், சர்க்கரை மாத்திரை மட்டும் நிற்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.